ஆயில் ஷேல் கணக்கு: பாலிகனா, கிரிகிங்கா என்று கேட்பதற்கு முன்னால்

தக்கலை, மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கம் புவியியல் படித்துவிட்டுச் சுரங்கத் திட்டமிடும் வேலைக்குப் போயிருக்கும் பிள்ளைகள் சிலர் ஒரு கணக்கோடு என்னிடம் வந்தார்கள். ஆயில் ஷேல் படிவு ஒன்று. 3 கிலோமீட்டர் நீளம், 2 கிலோமீட்டர் அகலம். மாதிரி எடுக்க 500 மீட்டருக்கு ஒன்று வீதம் 24 துளைகள். பயிற்சிக்காகக் கொடுக்கப்பட்ட கற்பனைப் படிவுதான். அதில் தோண்டி எடுக்கக்கூடிய இருப்பு எவ்வளவு என்று சொல்ல வேண்டும். அவர்கள் கேட்டது இதுதான்: "அண்ணே, பாலிகன் முறையில போடவா, கிரிகிங் போடவா? எது சரியா வரும்?"

துளைகளுக்கு நடுவே உள்ள நிலத்துக்கு மதிப்புப் போடும் இரண்டு முறைகள் அவை. நியாயமான கேள்வி. ஆனால் இந்தப் படிவில் இரண்டில் எதைப் போட்டாலும் மொத்த விடை பெரிதாக மாறாது. விடையைப் பாதியாகவும் மூன்றில் ஒன்றாகவும் வெட்டுகிற தேர்வுகள் அதற்கு முன்னாலேயே இருக்கின்றன. எப்படித் தோண்டுவது, எந்தெந்த அடுக்கை எடுப்பது, எந்தத் தரத்துக்குக் கீழே இருப்பதை விட்டுவிடுவது என்ற மூன்றும்தான் அவை. அவற்றை அந்த வரிசையிலேயே ஒப்பிட்டுப் பார்க்கிறேன். பாலிகனும் கிரிகிங்கும் கடைசியில் வரும்.

முதலில் பொருளைப் பற்றிக் கொஞ்சம். ஆயில் ஷேலில் எண்ணெய் ஊறிக் கிடப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அதில் திரவ எண்ணெய் கிடையாது. பழைய ஏரிகளிலும் ஆழமில்லாத கடல்களிலும் பாசிகள் செத்துப் படிந்து, களிமண்ணோடும் சுண்ணாம்போடும் சேர்ந்து இறுகியபோது உண்டான கெரோஜன் என்ற திடப்பொருள்தான் இருக்கிறது. பாறையை உடைத்து, காற்றுப் புகாத ரிட்டார்ட் உலையில் 500 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கினால் கெரோஜன் சிதைந்து ஆவியாகும். அந்த ஆவியைக் குளிரவைத்தால் ஷேல் எண்ணெய் கிடைக்கும். பாறையை நீரழுத்தத்தால் பிளந்து கிணறு வழியாக எடுக்கிறார்களே, அது பாறைக்குள் ஏற்கெனவே திரவமாகிவிட்ட எண்ணெய். அதன் கணக்கு வேறு. குமரிக்கு அப்பால் ஆழ்கடலில் எண்ணெய் தேடுவது பற்றி நம் மீனவ ஊர்களில் பேச்சு நடக்கிறதே, அதுவும் வேறு.

நம் குமரி மாவட்டத்துப் பாறையில் ஆயில் ஷேலுக்கு இடமில்லை. இங்கே கிடக்கும் சார்னோகைட், கோண்டலைட் பாறைகள் பூமிக்குள் ஆழத்தில் கடுஞ்சூட்டில் வெந்து உருமாறி வந்தவை. அந்தச் சூட்டில் கெரோஜன் இருந்திருந்தாலும் கிராஃபைட் ஆகியிருக்கும். இந்தியாவில் மேல் அசாமிலும் அருணாசலத்திலும் நிலக்கரி அடுக்குகளோடு சேர்ந்து ஆயில் ஷேல் கிடக்கிறது. உலகத்தில் விடாமல் தோண்டி வருபவர்கள் என்றால் எஸ்டோனியாவையும் சீனாவையும்தான் முதலில் சொல்ல வேண்டும். எஸ்டோனியாவில் 1916-இலேயே வேலை ஆரம்பித்துவிட்டது.

பாறை இல்லாவிட்டாலும் கணக்கு நமக்குப் பழக்கமானதுதான். நம் ஊர்க் கல் குவாரிக்குப் போடும் மைனிங் பிளானை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். அதில் இரண்டு அட்டவணை இருக்கும். ஒன்று, நிலத்தில் மொத்தம் எவ்வளவு கல் இருக்கிறது என்பது. இன்னொன்று, பக்கத்துப் பட்டாவுக்கு 7.5 மீட்டர் பாதுகாப்பு இடைவெளி விட்டு, படிப்படியாக பெஞ்ச் வெட்டி இறங்கினால் எவ்வளவு எடுக்க முடியும் என்பது. இரண்டாவது எண் எப்போதும் சின்னது. குவாரி சிறியதாகவும் ஆழமாகவும் இருந்தால் முதல் எண்ணில் பாதிகூட இராது. ஆயில் ஷேலில் இதே கழித்தல்தான்; படிகள் மட்டும் கூடுதல்.

தரத்தை அளப்பது

குலசேகரத்தில் ரப்பர் பால் ஊற்றுகிறவர்களுக்கு டி.ஆர்.சி. பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. எத்தனை லிட்டர் பால் என்பதைவிட அதில் எத்தனை சதவீதம் உலர்ந்த ரப்பர் என்பதற்குத்தான் காசு. ஆயில் ஷேலில் அந்த வேலையைச் செய்வது ஃபிஷர் சோதனை. 100 கிராம் பாறைப் பொடியைச் சிறிய அலுமினியக் கலத்தில் வைத்து, நிமிடத்துக்கு 12 டிகிரி வீதம் 500 டிகிரி வரை ஏற்றி, 40 நிமிடம் அப்படியே வைத்திருப்பார்கள். வடிந்த எண்ணெயையும் நீரையும் பிரித்து அளந்து, டன்னுக்கு எத்தனை லிட்டர் என்று எழுதுவார்கள். அமெரிக்க அறிக்கைகளில் டன்னுக்கு இத்தனை கேலன் என்றிருக்கும். அதை 4.17-ஆல் பெருக்கினால் நமக்குத் தெரிந்த லிட்டர் வந்துவிடும். 25 கேலன் என்றால் ஏறக்குறைய 104 லிட்டர்.

இன்னொரு வழி ராக்-எவால். பிரான்ஸில் 1970-களில் உருவானது. ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு பொடி போதும், சீக்கிரம் முடியும். கெரோஜன் எந்த வகை, எவ்வளவு முதிர்ந்தது என்பதும் தெரியும். ஆனால் எண்ணெய் எத்தனை லிட்டர் வடியும் என்று நேரடியாகச் சொல்லாது. ஃபிஷர் முடிவுகளோடு ஒப்பிட்டுத்தான் மாற்ற வேண்டும். செலவு கட்டுப்படாவிட்டால் எல்லா மாதிரிகளுக்கும் ராக்-எவால் செய்து, ஐந்தில் ஒன்றுக்காவது ஃபிஷர் செய்வது நல்லது. ஃபிஷர் முடிவை உச்சவரம்பு என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. சில உலைகள் அதற்குக் குறைவாகத் தரும், சில செய்முறைகள் கூடுதலாகவும் தரும். அது ஒரு பொது அளவுகோல், அவ்வளவுதான்.

எப்படித் தோண்டுவது

இருப்புக் கணக்கை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். மூன்று வழிகள் உண்டு.

மேலே மூடியிருக்கும் மண்ணும் பாறையும் குறைவாக இருந்தால் திறந்தவெளிச் சுரங்கம். நெய்வேலியைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டாம். படிவில் பெரும்பகுதி கைக்கு வரும். அதற்காக அள்ளிக் கொட்ட வேண்டிய மண்தான் செலவு. நம் பயிற்சிப் படிவில் எடுக்கும் அடுக்கின் கனம், அதாவது தடிமன், 2 மீட்டர், மேல்மூடி 30 மீட்டர் என்று வையுங்கள். ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 30 கன மீட்டரை அகற்றினால் 4 டன் சொச்சம் ஷேல் கிடைக்கும், டன்னுக்கு 7 கன மீட்டர். பிரேசிலில் சாவோ மத்தேயுஸ் டோ சுல் என்ற ஊரில் திறந்தவெளியாகத் தோண்டினார்கள். அங்கே மேலும் கீழுமாக இரண்டு ஷேல் அடுக்குகள், நடுவே வெறும் பாறை. மேல் அடுக்கு கனமானது, எண்ணெய் குறைவு. கீழ் அடுக்கு மெலிது, எண்ணெய் அதிகம். கீழதை எடுக்க நடுப்பாறையையும் தூக்க வேண்டும். அந்தச் செலவை எந்த அடுக்கின் கணக்கில் எழுதுவது என்பதைப் பொறுத்து இருப்பே மாறும்.

சீனாவின் ஃபூஷுன் இதற்கு நேர்மாறு. அங்கே ஷேல் நிலக்கரிக்கு மேலே கிடக்கிறது. நிலக்கரியை எடுக்க எப்படியும் ஷேலை அகற்றியாக வேண்டும். ஆகவே தோண்டும் செலவு நிலக்கரியின் தலையில் போய்விடுகிறது, தரம் குறைந்த ஷேலும் இருப்பாகிவிடுகிறது. அதே தரத்து ஷேல் தனியாகக் கிடந்தால் யாரும் தொட மாட்டார்கள்.

ஆழம் கூடினால் நிலத்தடிச் சுரங்கம். அறை அறையாக வெட்டி, கூரையைத் தாங்க நடுவே ஷேல் தூண்களையே விட்டுவிடும் முறைதான் வழக்கம். கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை தூணாகவே நின்றுவிடும். ஆழம் கூடக் கூடத் தூண் பருக்க வேண்டும். அப்போது நிற்பது இன்னும் அதிகம். எஸ்டோனியாவின் நிலத்தடிச் சுரங்கங்கள் இப்படித்தான்.

மூன்றாவது, தோண்டாமல் பூமிக்குள்ளேயே சூடாக்குவது. ஷெல் நிறுவனம் கொலராடோவில் துளைகளுக்குள் மின்சூடேற்றிகளை இறக்கி, சுற்றிலும் நிலத்தடி நீரை உறையவைத்து மதில்போல நிறுத்திப் பல ஆண்டுகள் சோதித்தது. 2013-இல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. தூண் இழப்பு இல்லை, கழிவு மலை இல்லை என்று கேட்க நன்றாக இருக்கும். ஆனால் வணிக அளவில் நிரூபணமாகாத வழியை நம்பி ஓர் எண்ணை இருப்பு என்று எழுத முடியாது. நம் கணக்கில் இதை இப்போதே ஒதுக்கிவிடலாம்.

30 மீட்டர் மூடிக்குத் திறந்தவெளி, நிலத்தடி இரண்டையும் போட்டுப் பார்க்க வேண்டும். ஊர் இருக்கும் இடமென்றால் நான் நிலத்தடிப் பக்கம்தான் சாய்வேன். அதையே எடுத்துக்கொண்டு மேலே போகிறேன்.

எந்த அடுக்கை எடுப்பது

எனக்குப் பிடித்த இடமும், பிள்ளைகள் அவசரமாகத் தாண்டிப் போகும் இடமும் இதுதான். துளையிலிருந்து உருளையாக எடுத்த கல்லை (கோர்) பெட்டியில் நீட்டி வைத்துப் பார்த்தால் ஷேல் ஒரே சீராக இருக்காது. எஸ்டோனியாவின் குக்கர்சைட் ஷேல் பழுப்பு நிறம். அங்கே சுரங்க அடுக்கு மொத்தம் மூன்று மீட்டருக்குள். ஏ முதல் எஃப் வரை பெயரிட்ட ஷேல் அடுக்குகளுக்கு நடுவே வெளிறிய சுண்ணாம்புக் கல் வரிவரியாக ஓடும். நம் பயிற்சிப் படிவும் அந்தச் சாயலில்தான் இருக்கிறது.

சராசரியான ஒரு துளையை மேலிருந்து கீழே படிக்கிறேன். 40 சென்டிமீட்டர் ஷேல், டன்னுக்கு 130 லிட்டர். 30 சென்டிமீட்டர் சுண்ணாம்புக் கல், எண்ணெய் இல்லை. 60 சென்டிமீட்டர் ஷேல், 110 லிட்டர். 20 சென்டிமீட்டர் சுண்ணாம்புக் கல். 50 சென்டிமீட்டர் ஷேல், 140 லிட்டர். கடைசியாக 50 சென்டிமீட்டர் மட்டமான ஷேல், 50 லிட்டர். மொத்தம் 2.5 மீட்டர்.

தடிமனை மட்டும் வைத்துச் சராசரி போட்டால் டன்னுக்கு 85.2 லிட்டர் வரும். பிள்ளைகள் அதைத்தான் போட்டிருந்தார்கள். இது தவறு. கெரோஜன் கிட்டத்தட்ட நீரின் எடைதான் இருக்கும், கனிமங்கள் அதைப்போல இரண்டரை மடங்குக்கு மேல். அதனால் எண்ணெய்ச் சத்துக் கூடிய அடுக்கு இலேசாக இருக்கும், வெறும் கல் கனக்கும். நல்ல ஷேலுக்கு அடர்த்தி 2.0, நடுத்தரத்துக்கு 2.1, மட்டமானதற்கு 2.4, சுண்ணாம்புக் கல்லுக்கு 2.6 என்று வைத்து, ஒரு சதுர மீட்டருக்குக் கூட்டிப் பாருங்கள். எடை 5.56 டன், எண்ணெய் 442.6 லிட்டர். அதாவது டன்னுக்கு 79.6 லிட்டர். அடர்த்தியை விட்டதால் மட்டும் நூற்றுக்கு ஏழு கூடிவிட்டது. எத்தனை துளை போட்டாலும் இந்தப் பிழை போகாது, ஏனென்றால் எல்லாத் துளையிலும் ஒரே பக்கம்தான் சாய்கிறது.

இனி மூன்று தேர்வுகள். முழு 2.5 மீட்டரையும் எடுத்தால் 79.6. அடியில் உள்ள மட்டமான அரை மீட்டரை விட்டு 2 மீட்டர் மட்டும் எடுத்தால் 4.36 டன், 382.6 லிட்டர், டன்னுக்கு 87.8. சுண்ணாம்பையும் பிரித்து ஷேலை மட்டும் எடுத்தால் 3.06 டன்னில் அதே 382.6 லிட்டர், டன்னுக்கு 125.

மூன்றாவதைப் பார்த்ததும் ஆசை வரும். ஆனால் 20 சென்டிமீட்டர் கல்லைத் தனியாகப் பிரிக்க அதற்கேற்ற இயந்திரம் வேண்டும். திறந்தவெளியில் தரையைச் சீவிக்கொண்டே போகும் இயந்திரம் இருந்தால் ஓரளவு முடியும். நிலத்தடியில் வெடிவைத்தால் எல்லாம் ஒன்றாகத்தான் உதிரும். மேலே கொண்டுவந்து பிரிக்கும் ஆலையில் பிரிக்க வேண்டும், அங்கே கொஞ்சம் ஷேலும் கல்லோடு போகும். இயந்திரமும் ஆலையும் கையில் இல்லாமல் 125 என்று எழுதக் கூடாது.

இரண்டாவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கூரையிலிருந்து 10 சென்டிமீட்டர் கல் சேர்ந்து உதிர்ந்தால் என்ன ஆகும்? 0.26 டன் கூடும், எண்ணெய் கூடாது. 87.8 என்பது 82.8 ஆகிவிடும். முழுக் கனத்தையும் எடுத்திருந்தால் 79.6 என்பது 76 ஆகும். ஒரு சாண்கூட இல்லாத கல்தான், கணக்கில் ஐந்து லிட்டரைத் தின்றுவிடுகிறது.

கட் ஆஃப்: டன்னுக்கா, சதுர மீட்டருக்கா

ஒரு டன்னைத் தோண்டி, உடைத்து, சூடாக்கி, சாம்பலை அப்புறப்படுத்த 2,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் எண்ணெய் 30 ரூபாய். உலை, ஃபிஷர் அளவில் 85 சதவீதம் தருகிறது. அப்படியானால் 2,000-ஐ 25.5-ஆல் வகுக்க வேண்டும். டன்னுக்கு 78.4 லிட்டருக்குக் கீழே போனால் நஷ்டம். அந்த எல்லைதான் கட் ஆஃப். நம் 2 மீட்டர் அடுக்கு கூரைக் கல்லோடு சேர்த்தும் 82.8 இருப்பதால் தப்பிக்கிறது. முழு 2.5 மீட்டர் காகிதத்தில் தப்பிக்கும், கூரைக் கல் விழுந்தால் தப்பாது. எண்ணெய் விலை 25 ரூபாயாக இறங்கினால் கட் ஆஃப் 94 ஆகிவிடும். இரண்டுமே போய், பிரித்தெடுக்கும் வழி மட்டும்தான் நிற்கும். பாறையில் ஓர் அணுகூட மாறவில்லை. பிரிக்க வழியில்லாவிட்டால் இருப்பு மட்டும் பூஜ்யம்.

அமெரிக்காவின் கிரீன் ரிவர் படிவில் இது எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்று பாருங்கள். கொலராடோ, யூட்டா, வயோமிங் மூன்று மாநிலங்களிலும் சேர்த்து பூமிக்குள் 4.28 லட்சம் கோடி பேரல் இருப்பதாக அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் 2011-இல் முடித்த கணக்கு சொல்கிறது. அதே ஆய்வகம் 2013-இல் தரம் பிரித்து வெளியிட்டது. டன்னுக்கு 15 கேலனும் அதற்கு மேலும் உள்ளது 1.146 லட்சம் கோடி பேரல். 25 கேலனும் அதற்கு மேலும் உள்ளது வெறும் 35,300 கோடி பேரல். முதல் எண்ணில் பன்னிரண்டில் ஒரு பங்கு. அந்த 35,300 கோடியும் பூமிக்குள் இருப்பதுதான். தோண்டி எடுக்கக்கூடியது என்று ஆய்வகம் சொல்லவில்லை. முதல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு சவூதியோடு ஒப்பிட்டு எழுதும் செய்திகளைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வரும். 1982 மே 2 அன்று எக்ஸான் நிறுவனம் கொலராடோவின் காலனி ஷேல் திட்டத்தை மூடியபோது ஆயிரக்கணக்கானோருக்கு வேலை போனது. பூமிக்குள் ஷேல் அப்படியேதான் கிடந்தது.

எஸ்டோனியர்கள் வேறு அளவுகோல் வைத்திருக்கிறார்கள். டன்னுக்கு எவ்வளவு என்று பார்க்காமல் ஒரு சதுர மீட்டர் நிலத்துக்குக் கீழே எவ்வளவு ஆற்றல் என்று பார்க்கிறார்கள். ஒவ்வொரு அடுக்கின் கனத்தையும் அடர்த்தியையும் வெப்ப மதிப்பையும் பெருக்கிக் கூட்டுவார்கள். சதுர மீட்டருக்கு 35 கிகாஜூல் அல்லது அதற்கு மேல் இருந்தால் எடுக்கத் தகுந்த இருப்பு. 25 முதல் 35 வரை இருந்தால் இப்போதைக்கு ஒதுக்கிவைத்த இருப்பு.

இந்த முறை எனக்குப் பிடிக்கும். மட்டமான அடுக்கைச் சேர்ப்பதா விடுவதா என்று எண்ணை ஆட்டிப் பார்த்து வேண்டிய விடையை வரவழைக்க இதில் வழி குறைவு. நம் துளையில் 442.6 லிட்டர் என்பது எத்தனை கல் கலந்தாலும் 442.6 தான். அடுக்கு மெலிந்துபோகும் இடமும் உடனே கண்ணில் படும். ஆனால் கல்லைச் சுமக்கும் செலவை இது மறைத்துவிடும். அதனால் வரைபடத்தைச் சதுர மீட்டர் கணக்கில் வரைந்து, எந்த அடுக்கை எடுப்பது என்பதை டன் கணக்கில் தீர்மானிக்கச் சொல்வேன். அடி அரை மீட்டரைத் தனியாக நிறுத்திக் கேளுங்கள்: அந்த டன் 50 லிட்டர் தரும், 1,275 ரூபாய். செலவு 2,000. விட்டுவிடலாம்.

பாலிகன், குறுக்குவெட்டு, கிரிகிங்

சரி, இப்போது பிள்ளைகளின் கேள்விக்கு வருவோம். பாலிகன் முறையில் ஒவ்வொரு துளையின் மதிப்பையும் அதைச் சுற்றியுள்ள நிலம் முழுவதுக்கும் கொடுத்துவிடுவோம். நம் கட்டத்தில் துளைக்கு 25 ஹெக்டேர். குறுக்குவெட்டு முறை குவாரிக்குப் பழக்கமானது. இரண்டு வெட்டுகளின் பரப்பைச் சராசரி எடுத்து இடைத்தூரத்தால் பெருக்குவது. கிரிகிங், தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் வேலைபார்த்த டேனி கிரிக் 1951-இல் தொடங்கிவைத்த வழி. பிறகு பிரான்ஸின் ஜார்ஜ் மாத்தரோன் அதற்கு முழுக் கணித உருவம் கொடுத்தார். துளைகள் விலக விலக மதிப்புகள் எப்படி வேறுபடுகின்றன என்பதை வேரியோகிராம் வரைந்து பார்த்து, அதற்கேற்ப எடை கொடுப்பது. பிழை எவ்வளவு இருக்கலாம் என்றும் சொல்லும்.

தங்கத்துக்கு அது அவசியம். மணவாளக்குறிச்சி மணலுக்கும் அவசியம் என்பேன். 1909-இல் திருவிதாங்கூர்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டவர் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர். அதற்குப் பிறகு தோண்டப்பட்டு வரும் அந்தக் கடற்கரையில் கருமணல் பட்டை சில பத்து மீட்டருக்குள் தடித்து மெலியும். தென்மேற்குப் பருவக்காற்றின் அலை ஒரு பக்கம் சேர்க்கும், இன்னொரு பக்கம் அரிக்கும். அங்கே நெருக்கமாகத் துளையிட வேண்டும், எந்த மாதத்தில் எடுத்த மாதிரி என்பதும் முக்கியம். ஆயில் ஷேல் ஏரியடியிலும் கடலடியிலும் அமைதியாகப் படிந்தது. கிலோமீட்டர் கணக்கில் கனமும் தரமும் மெல்லத்தான் மாறும்.

ஒழுங்கான கட்டத்தில் 24 துளையும் சமமான பரப்பை ஆள்வதால் பாலிகன் என்பது வெறும் சராசரிதான். கிரிகிங்கும் மொத்தத்துக்குக் கிட்டத்தட்ட அதே எண்ணைத்தான் தரும். வேறுபாடு எங்கே வரும் என்றால், கட் ஆஃப் போட்டு எந்தப் பகுதி உள்ளே, எந்தப் பகுதி வெளியே என்று பிரிக்கும்போது. பாலிகன் ஒரு நல்ல துளையை நம்பி 25 ஹெக்டேரையும் நல்லது என்று சொல்லிவிடும். கட் ஆஃபுக்கு மேலே உள்ள பகுதியின் தரம் மிகையாகத் தெரியும். கிரிகிங் எல்லாவற்றையும் வழவழப்பாக்கி, மேடு பள்ளத்தை மறைக்கும். இன்னொன்றும் உண்டு. 500 மீட்டர் இடைவெளியில் நமக்கு 38 ஜோடித் துளைகள் கிடைக்கின்றன, வேரியோகிராமுக்கு அது போதும். ஆனால் 500 மீட்டருக்குள் என்ன நடக்கிறது என்று சொல்ல ஒரு ஜோடிகூட இல்லை. மென்பொருள் அந்த இடத்தில் ஒரு கோட்டைப் போட்டுக் கொடுக்கும். அது மென்பொருளின் ஊகம்.

ஆகவே மொத்த இருப்புக்குப் பாலிகன் போதும். கையாலேயே போட்டுச் சரிபார்க்கலாம், ஊர்ப் பெரியவர் கேட்டாலும் வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டலாம். எந்தப் பகுதியை முதலில் வெட்டுவது என்று வரிசைப்படுத்தும் கட்டத்தில் கிரிகிங்குக்குப் போகலாம். நிலப்பிளவு ஓடும் இடத்தில் இரண்டையுமே நம்பாமல் கையால் எல்லை வரைய வேண்டும்.

கழித்துக்கொண்டே வந்தால்

6 சதுர கிலோமீட்டரில் முழுக் கனத்துக்கு 265.6 கோடி லிட்டர் எண்ணெய், 1 கோடியே 67 லட்சம் பேரல். 2 மீட்டர் மட்டும் என்றால் 229.6 கோடி லிட்டர். குடியிருப்பு, ஓடை, சாலை, நிலப்பிளவு எல்லாவற்றுக்கும் 15 சதவீதம் விட்டால் 195.1 கோடி. தூணுக்கு 30 சதவீதம் போனால் 136.6 கோடி. உடைக்கும்போது பொடியாகி உலைக்கு ஆகாமல் போவது 20 சதவீதம் என்றால் 109.3 கோடி. உலையின் 85 சதவீதத்துக்கு 92.9 கோடி லிட்டர். 58 லட்சம் பேரல். தொடங்கிய எண்ணில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே.

பொடிக்குக் கழித்ததைப் பிள்ளைகள் யாரும் எதிர்பார்க்கவில்லை. எஸ்டோனியாவின் கிவிடர் உலையும் சீனாவின் ஃபூஷுன் உலையும் கட்டியாகத்தான் கேட்கும். பொடி போட்டால் வாயு ஏற வழியிருக்காது. காலோட்டர் வகை உலை பொடியையே தின்னும். அதைத் தேர்ந்தால் அந்த 20 சதவீதம் திரும்ப வந்துவிடும். உலை வாங்கும் முடிவு இருப்பை மாற்றுகிறது என்பதை நம்பச் சிரமமாக இருக்கும், ஆனால் உண்மை.

இடத்துக்குக் கழிப்பதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. டன்னுக்கு 85 லிட்டர் எடுத்த பிறகும் எடையில் எண்பது சதவீதத்துக்கு மேல் சாம்பலும் கரியுமாக மிஞ்சும், உடைத்ததால் உப்பியும் இருக்கும். தோண்டிய குழிக்குள் முழுவதும் திரும்பப் போகாது. எஸ்டோனியாவின் கிவியோலியில் அப்படிக் குவிந்த கழிவு மலை ஒன்றில் இப்போது பனிச்சறுக்கு விளையாடுகிறார்கள். சதுர கிலோமீட்டருக்கு ஆயிரம் பேருக்கு மேல் வாழும் நம் மாவட்டம் போன்ற இடத்தில் அந்த மலைக்கு இடமே கிடையாது. கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டம் பற்றிப் பேச்சு வந்தபோது நம் ஆட்கள் பரப்பைத்தான் விவாதித்தார்கள். அதில் வீடு, தோப்பு, கோயில், கல்லறை, குளம் கழித்து எவ்வளவு, ஆலைக் கழிவு மணல் எங்கே போகும் என்ற அட்டவணையையும் கேட்டு வாங்க வேண்டும். இந்தக் கணக்கைத் தெரிந்தவர்கள் ஊரில் பத்துப் பேராவது இருக்க வேண்டும் என்று நான் விரும்புவதற்கு அதுதான் காரணம்.

58 லட்சம் பேரல் என்ற எண்ணையும் நம் நாட்டு வகைப்பாட்டில் 111, அதாவது நிரூபணமான இருப்பு, என்று எழுதிவிட முடியாது. மூன்று இலக்கத்தில் முதலாவது பொருளாதாரம், இரண்டாவது சாத்தியக்கூறு ஆய்வு, மூன்றாவது புவியியல் அறிவு. நம் கையில் செலவும் விலையும் ஊகமாகத்தான் இருக்கின்றன, ஆய்வு நடக்கவில்லை. 500 மீட்டர் துளைகளுக்கு 332, அதாவது இருப்பாகாத வெறும் வளம், என்று போட்டு, பூமிக்குள் உள்ள 1 கோடியே 67 லட்சத்தையும், கழித்த ஒவ்வொரு படியையும், எந்தச் சதவீதம் யாருடைய ஊகம் என்பதையும் அடியில் எழுதச் சொன்னேன்.

மேற்கொண்டு ஐந்து துளைக்குக் காசு கிடைத்தால் அவற்றைப் படிவின் ஓரத்தில் போட்டுப் பரப்பைக் கூட்டத்தான் எல்லாருக்கும் தோன்றும். நான் நடுத்துளை ஒன்றைச் சுற்றி 50, 100, 200 மீட்டரில் சிலுவை வடிவில் போடுவேன். 500 மீட்டருக்குள் என்ன நடக்கிறது என்பது அப்போதுதான் தெரியும், வேரியோகிராமுக்கும் கால் கிடைக்கும். அந்த ஐந்திலும் ஷேலுக்கு மேலே உள்ள சுண்ணாம்புக் கல்லை ஒரு மீட்டராவது கோராக எடுத்து, அதன் வலிமையைச் சோதிக்கக் கொடுப்பேன். கூரையிலிருந்து விழப்போவது 10 சென்டிமீட்டரா 30 சென்டிமீட்டரா என்பது அந்தக் கல்லில் இருக்கிறது. 30 என்றால் டன்னுக்கு 74 லிட்டர்தான். 2 மீட்டர் அடுக்கும் கட் ஆஃபுக்குக் கீழே போய்விடும்.